சந்திரசேகர் விட்டுவிட்டுப் போனார்

பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரம்தான் எங்கள் குடும்பத்தில் அறிவுரைக்கான நேரம். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் அப்படி மாட்டிக்கொண்டவன் என் அக்கா மகன். வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். எடுத்துக்கொண்ட தலைப்பில் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அதை அவன் அம்மாவிடம் சொல்ல, அம்மா எங்கள் பெரியப்பாவிடம் சொல்ல, பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "சந்திரசேகர் தெரியுமாடா? சி.வி. ராமனோட அண்ணன் பையன். பத்தொம்பது வயசுல கப்பல்ல உக்காந்து கணக்கு போட்டாரு. எடிங்டன்னு ஒரு வெள்ளக்காரன் சபையில வெச்சு கேலி பண்ணான். அசரலையே மனுஷன். அம்பது வருஷம் பிடிச்ச பிடி விடாம நின்னு நோபல் வாங்கினாரு. நீ என்னடான்னா அதுக்குள்ள வேற எடம் பாக்கறேங்கற."

பையன் தலையை ஆட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா பேசும்போது குறுக்கே புகுந்து தேதி திருத்துகிறவனுக்கு எங்கள் வீட்டில் நல்ல பெயர் கிடையாது. ஆனால் அந்தக் கதை என்னோடு பஸ் ஏறி ஊர் வரைக்கும் வந்துவிட்டது. கப்பலும் கணக்கும் கேலியும் நடந்தவை. நோபலும் உண்மை. இடையில் வரும் அந்த ஐம்பது வருஷப் பிடிதான் நடக்காதது. எடிங்டன் கேலி செய்த நான்கே வருஷத்தில், 1939-இல், சந்திரசேகர் அந்த ஆராய்ச்சியை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். விடாமுயற்சிக்கு உதாரணமாக நாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர், விட்டுவிட்டுப் போனவர்.

இது தெரிந்ததிலிருந்து எனக்கு அவர் மீது மதிப்பு கூடித்தான் இருக்கிறது. ஏன் கூடியது என்பதுதான் கொஞ்சம் குழப்பம்.

ஓட்டல் அறையில் ஒரு பையன்

கப்பலுக்கு முன்னால் ஒரு சம்பவம் உண்டு. மேடைப் பேச்சுகளில் அது அவ்வளவாக வருவதில்லை. 1928-இல் ஜெர்மனியிலிருந்து அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணு இயற்பியலில் அந்தக் காலத்துப் பெரிய வாத்தியார். அவர் எழுதிய புத்தகத்தை மாநிலக் கல்லூரி மாணவன் சந்திரசேகர் வரி விடாமல் படித்து வைத்திருந்தான். ஆசிரியர் ஊருக்கே வந்திருக்கிறார் என்றதும் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டான். உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்று சொன்னான். பாராட்டு கிடைக்கும் என்றுதான் யாருமே எதிர்பார்ப்போம். சோமர்ஃபெல்ட் சொன்னதோ, அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழசாகிவிட்டது என்று. ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பௌலி என்று புதிதாக ஒரு கூட்டம் கிளம்பி, இரண்டு மூன்று வருஷத்துக்குள் இயற்பியலின் அஸ்திவாரத்தையே மாற்றிவிட்டிருந்தது. போகும்போது, இன்னும் வெளிவராத தன் கட்டுரை ஒன்றின் அச்சுப் படிகளைப் பையன் கையில் கொடுத்து அனுப்பினார்.

நானாக இருந்தால் அந்த ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன். வருஷக்கணக்கில் உருப்போட்டது ஒரே வாக்கியத்தில் செல்லாக்காசு. அதைச் சொல்வதும் எழுதினவரே. அந்தப் பையன் என்ன செய்தான் என்றால், அந்த அச்சுப் படிகளை வைத்துக்கொண்டு, எலெக்ட்ரான் கூட்டத்தைக் கணக்கிடும் புதிய புள்ளியியலைத் தானே கற்றான். சில மாதங்களில் அதை வேறொரு கேள்விக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதி முடித்தான். 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அது அச்சானது. பதினெட்டு வயது. தனக்குத் தெரிந்தது காலாவதியாகிவிட்டது என்ற செய்தியை அடியாக எடுத்துக்கொள்ளாமல் வேலையாக எடுத்துக்கொள்ள அவர் அங்கேதான் பழகினார் என்று நினைக்கிறேன். பின்னால் வரும் அத்தனை இடமாற்றங்களுக்கும் ஒத்திகை அந்த ஓட்டல் அறையில் நடந்தது.

கப்பல் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். எரிபொருள் தீர்ந்த விண்மீனை அதன் சொந்த ஈர்ப்பே உள்ளே நசுக்கும். நசுங்க நசுங்க, எலெக்ட்ரான்கள் நெருக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளலில் நிலைகொண்டு மெல்லக் குளிர்ந்துபோவதுதான் வெண்குறுமீன். கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலர் 1926-இல் இதைக் காட்டியிருந்தார். 1930-இல் பம்பாயில் கப்பலேறிய பையன் கேட்ட கேள்வி இதுதான்: அந்த நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்குமே, அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா? சேர்த்தால், ஒரு எடைக்கு மேல் எந்தத் தள்ளலும் தாங்கவில்லை. 1931-இல் அச்சான கட்டுரையில் அந்த எல்லை சூரியனைப் போல 0.91 மடங்கு, உள்ளே இருக்கும் பொருள் என்ன என்ற புரிதல் திருந்தியதும் 1.44 மடங்கு. அதற்கு மேல் எடையுள்ளது எங்கே போகும்? நசுங்கிக்கொண்டே போகும்.

அன்றைய வானியலின் பெரிய தலை எடிங்டன். அவருக்கு இது பிடிக்கவில்லை. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்ததும் எழுந்தார். ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீர வேண்டும் என்றார். சபை சிரித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் அதே எடிங்டன்தான் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று ஆர்வமாக விசாரித்துக்கொண்டிருந்தவர். தன் மனசில் இருப்பதை ஒரு நாளும் சொல்லவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பைவிட இந்த மௌனம்தான் உறுத்துகிறது.

விட்ட விதம்

இயற்பியலாளர்கள் பௌலிக்கும் நீல்ஸ் போருக்கும் விவகாரம் போனது. சந்திரசேகர் சொல்வதுதான் சரி என்று தனியாகச் சொன்னார்கள். வெளியே வந்து சொல்ல ஒருவரும் தயாராக இல்லை. இயற்பியல்காரர்களுக்கு இது வானியல்காரர்களின் சண்டை. வானியல்காரர்களுக்கு எடிங்டன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதே 1935-இல் பாரிஸில் நடந்த சர்வதேச வானியல் மாநாட்டிலும் எடிங்டன் அதையே பேசினார். இவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லை. இருபத்துநாலு வயது. இங்கிலாந்தில் நிரந்தர வேலை கிடையாது.

பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய காமேஷ்வர் வாலியிடம் அவர் இதைப் பற்றிப் பூசி மெழுகாமல் பேசியிருக்கிறார். எடிங்டனோடு மோதும், காற்றாலையோடு சண்டை போட்ட டான் குயிக்ஸோட்டாகத்தான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அதனால் துறையை மாற்றிக்கொள்வதே மேல் என்று முடிவு செய்தேன் என்கிற பொருளில். அதாவது அது தோல்வி. இதை நாம் ஞானம், பற்றற்ற நிலை என்றெல்லாம் மெருகு பூசி, பெரியப்பாவின் கதைக்குப் பதில் இன்னொரு கதையாக ஆக்கிவிடக் கூடாது. ஒரு இளைஞனை ஒரு சபை தோற்கடித்தது. அவர் தோற்றார்.

ஆனால் எப்படித் தோற்றார் என்று பார்க்க வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை கிடைத்துப் போனதும் அவர் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி அதுவரை தெரிந்தது அத்தனையையும், வெப்ப இயக்கவியலின் அடிப்படையிலிருந்து தொடங்கி, படிப்படியாக நிரூபித்து அடுக்கினார். அதில் வெண்குறுமீன்களுக்கு முழு அத்தியாயம் உண்டு. எல்லை எடை தன் இடத்தில் இருக்கிறது. பின்வாங்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. 1939-இல் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. கடையைக் கைமாற்றிக் கொடுப்பவர் சரக்கு முழுவதையும் எண்ணி, ஏட்டில் எழுதி, சாவியையும் ஏட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவது போலப் போனார்.

என்னை மாட்டிவைத்திருக்கும் இடம் இதுதான். ஒரு உண்மையைக் கண்டுபிடித்தவன் அதற்காகச் சாகும் வரை வாதாட வேண்டும் என்று நமக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. கலீலியோ காலத்திலிருந்தே இருக்கிறது. வாதாடாவிட்டால் அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று நினைக்கிறோம். சந்திரசேகர் செய்தது நேர்மாறு. கணக்கு சரி, யார் போட்டாலும் இதுவேதான் வரும், நான் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. இது வெறும் தன்னம்பிக்கைப் பேச்சும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்டோனர், எஸ்தோனியாவில் ஆண்டர்சன், பிறகு சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் என்று அந்த எல்லையின் பக்கத்தில் தனித்தனியாக வந்து நின்றவர்கள் அப்போதே இருந்தார்கள். உண்மைக்குச் சொந்தக்காரர் தேவையில்லை. அதைச் சொல்ல எளிது. சபை சிரித்த பிறகு அதை நம்பி எழுந்து போவதற்கு எவ்வளவு திடம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் வாழ்க்கை ஏறக்குறைய ஒரே தாளத்தில் போனது. ஒரு துறைக்குள் நுழைவார். சில வருஷம் வரிசையாகக் கட்டுரைகள். கடைசியில் தடியான ஒரு புத்தகம். பிறகு அடுத்த துறை. விண்மீன் கூட்டங்களின் இயக்கம், 1942. ஒளி ஒரு வளிமண்டலத்தில் சிதறிச் சிதறிக் கடப்பது, 1950. பாய்மங்களின் நிலைத்தன்மை, 1961. சுழலும் நீள்கோளங்கள், 1969. கருந்துளைகளின் கணிதம், 1983. இதில் ஒளிச் சிதறல் வேலைதான் தனக்கு மிகுந்த நிறைவு தந்தது, அந்த விஷயம் தன் போக்கில் தானே வளர்ந்தது என்று சொல்லியிருக்கிறார். தெளிந்த நீல வானத்தின் ஒளி எந்தத் திசையில் எவ்வளவு முனைவாக்கம் பெற்றிருக்கிறது, அதாவது ஒளியலைகள் எவ்வளவு ஒரே திசையில் அதிர்கின்றன என்ற பழைய கேள்விக்கு, ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி தொடங்கி வைத்துவிட்டுப் போன கேள்விக்கு, முழுமையான விடை அதில்தான் வந்தது. சித்தப்பா ராமன் 1921-இல் கப்பலில் வரும்போது கடலின் நீலத்தைப் பார்த்து ஆரம்பித்தார். அண்ணன் மகன் வானத்தின் நீலத்தை முடித்து வைத்தார். ஒரே குடும்பத்துக்கு நீலம் இவ்வளவு தூரம் படியளந்திருக்க வேண்டாம்.

இதைச் சொன்னால், கடைசியில், நசுங்கிக்கொண்டே போகும் விண்மீன் போய்ச் சேரும் கருந்துளைக்குத்தானே வந்தார், 1935-இல் மூடிய கதவைத்தானே தட்டினார், அது பிடித்த பிடிதானே என்று கேட்கலாம். நானும் அப்படி யோசித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஐம்பது வயதுக்கு மேல், ஈர்ப்பைப் பற்றிய ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டு, மாணவராகத்தான் அங்கே வந்தார். 1975-இல் ஒரு சொற்பொழிவில், தன் அறிவியல் வாழ்க்கையிலேயே தன்னை மிகவும் உலுக்கிய அனுபவம் எது என்று சொல்கிறார். நியூசிலாந்துக்காரர் ராய் கெர் 1963-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்டுபிடித்த ஒரு தீர்வு, அண்டத்தில் இருக்கும் எண்ணற்ற கருந்துளைகளை அப்படியே, துல்லியமாக விவரிக்கிறது என்று உணர்ந்ததுதானாம். தன் எல்லை எடையைச் சொல்லவில்லை. இன்னொருவருடைய சமன்பாடு. பழைய கணக்கைத் தீர்க்க வந்தவர் பேசும் பேச்சாக எனக்கு இது தெரியவில்லை.

பிடித்த பிடி விடாதவர்

இந்தக் கதையில் விடாமுயற்சிக்காரர் ஒருவர் நிஜமாகவே இருக்கிறார். அவர் எடிங்டன்.

1919 கிரகணத்தின்போது ஆப்பிரிக்கக் கரையோரத்தில் பிரின்சிப்பி தீவுக்குப் போய், சூரியனருகே விண்மீன் ஒளி வளைவதைப் படமெடுத்து, ஐன்ஸ்டைனை உலகப் புகழாக்கியவர் அவர். விண்மீன்கள் எப்படி நசுங்காமல் நிற்கின்றன என்பதையும் அவர்தான் முதலில் ஒழுங்காகச் சொன்னார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் பிற்பாதியில் இயற்கையின் மாறிலிகளை எல்லாம் வெறும் யோசனையாலேயே வருவித்துவிடலாம் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அணு இயற்பியலில் வரும் ஒரு எண் சரியாக 136 என்று நிரூபித்தார். அளந்து பார்த்தவர்கள் 137-க்குப் பக்கத்தில் இருக்கிறது என்றதும், ஒன்றைக் கூட்ட ஒரு காரணம் கண்டுபிடித்தார். பேரண்டத்தில் எத்தனை புரோட்டான்கள் என்று கடைசி இலக்கம் வரை எழுதினார். 1944-இல் சாகும் வரை விடவில்லை. அந்தக் கோட்பாட்டைப் பற்றிய புத்தகம் 1946-இல், அவர் போன பிறகு வந்தது. வெண்குறுமீன் விஷயத்திலும் கடைசி வரை அசையவில்லை. எழுந்து நின்று, கேலிக்கு அஞ்சாமல், தான் நம்பியதை வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பது என்று பெரியப்பா புகழ்ந்த குணம் ஒன்று விடாமல் எடிங்டனிடம் இருந்தது.

இதைச் சந்திரசேகரே கவனித்துச் சொல்லியிருக்கிறார். அறிவியல்காரர்கள் வயதாக ஆக ஏன் வற்றிப்போகிறார்கள் என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. பீத்தோவன் கடைசி வருஷங்களில் உச்சத்துக்குப் போகிறாரே, நமக்கு மட்டும் ஏன் இப்படி? அவர் சொன்ன காரணம், இயற்கையின் முன் அவர்களுக்கு வந்துவிடும் ஒருவித அகந்தை. ஒரு இடத்தில் பெரிதாக ஜெயித்தவர், தன் பார்வையே தனிப் பார்வை, அது தப்பாது என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறார். இயற்கை ஒவ்வொரு முறையும் அவரை விடப் பெரிதாக இருந்து தொலைக்கிறது. தன்னைப் பற்றியும் இந்த வெளிச்சத்தில் ஒன்று சொன்னார்: 1935-இல் எடிங்டன் ஆமோதித்திருந்தால் ஒரே நாளில் புகழ் வந்திருக்கும், அந்தக் கவர்ச்சியில் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இருவரும் கடைசி வரை நண்பர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எடிங்டன் சைக்கிள் பைத்தியம். எத்தனை நாட்கள் குறைந்தது அத்தனை மைல் ஓட்டியிருக்கிறோம் என்று ஒரு எண் (75 என்றால், குறைந்தது 75 மைல் ஓட்டிய நாட்கள் 75) வைத்துக்கொண்டு, அதை அமெரிக்காவுக்குக் கடிதத்தில் எழுதுவார். இன்னும் 75-லேயே நிற்கிறது, ஈஸ்டரில் இரண்டு தடவை 74¾ மைல் போனேன், கணக்கில் வராமல் போய்விட்டது என்று ஒரு கடிதம். அவர் இறந்ததும் சிகாகோவில் அஞ்சலி உரை நிகழ்த்தியவர் சந்திரசேகர். எடிங்டன் பிறந்த நூற்றாண்டின்போது கேம்பிரிட்ஜ் போய், அவர் பெருமையைச் சொல்லி உரைகள் ஆற்றியவரும் அவரே.

பையனிடம் பிறகு போனில் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ விட்டுடலாங்கறீங்களா மாமா?" என்றான். விடலாம், ஆனால் அவர் மாதிரி எழுதி முடித்து வைத்துவிட்டு விடு என்றேன். "அவருக்கு யெர்க்ஸ்ல வேலை இருந்துச்சு மாமா. எனக்கு மார்ச்சோட ஃபெலோஷிப் முடியுது." இதற்கு என்னிடம் பதில் இல்லை. முடித்துவிட்டு விலகுவதற்கு ஒரு மேசையும் மாதச் சம்பளமும் வேண்டியிருக்கிறது. அது அமையாதவர்கள் பாதியில் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் வரலாறு எழுதுவதில்லை.

இத்தனை ஒழுங்கான வாழ்க்கை அவருக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால், அதுவும் சிக்கல்தான். ஒரே நோக்கம் என்று ஓடியதில் வாழ்க்கையின் மற்ற பக்கங்கள் கோணலாகிவிட்டன என்றும், நிறைவு என்று ஒன்றை உணர்ந்ததில்லை என்றும் வாலியிடம் சொல்லியிருக்கிறார். நோபல் அறிவிக்கப்பட்டபோது தன் இளமைக்கால வேலையே முன்னுக்கு வந்ததில் அவருக்கு வருத்தம் இருந்ததாகச் சொல்வார்கள். எனக்கு அது புரிகிறது. ஐந்து துறைகளில் ஐந்து புத்தகங்கள் எழுதிய பிறகு, உலகம் வந்து நிற்பது கப்பல் கணக்கில்.

பரிசுக்குப் பிறகு அவர் போன இடம் நியூட்டன். இயக்கத்தையும் ஈர்ப்பையும் பற்றி நியூட்டன் எழுதிய பிரின்சிபியாவை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தானே நிரூபித்துப் பார்த்தார், பிறகுதான் நியூட்டன் எழுதியதைத் திறந்தார். எண்பது தாண்டிய வயதில், ஒவ்வொரு தடவையும் வாத்தியாரிடம் திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பையனைப் போல உணர்ந்தேன் என்று எழுதுகிறார். 1995-இல், அவர் மறைந்த அதே வருஷம், அது புத்தகமாக வந்தது. பொது வாசகருக்கான பிரின்சிபியா என்று அட்டையில் போட்டிருக்கிறது. நான் பொது வாசகன்தானே என்று வாங்கினேன். அவர் மனதில் இருந்த பொது வாசகர் யார் என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை.